எல்லார் கையும் பட்ட பிறகே பாயிண்ட்

எங்கள் லீகைக் கெடுத்தது நீர்தான். வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

கோவில்பட்டி ஹாக்கி மட்டை பிடித்துப் பழகிய ஊர். அங்கே பிளாஸ்டிக் தட்டை எறிந்து விளையாட நான் ஆள் கூப்பிட்டபோது முதலில் சிரித்தது நீர். "ஏலே, சோத்துத் தட்ட எதுக்குல எறியுதீங்க?" என்று பைக்கை நிறுத்திக் கேட்டீர். அடுத்த ஞாயிறு ஷூ மாட்டிக்கொண்டு நீரே வந்தீர்.

ஃபிரிஸ்பீயில் தட்டைப் பிடித்தவர் ஓடக் கூடாது. நின்று அடுத்தவருக்கு எறிய வேண்டும். எதிர்க்கோட்டுக்கு அப்பால் நம் ஆள் பிடித்தால் பாயிண்ட். நடுவர் கிடையாது, தப்பு செய்தவரே கை தூக்கிச் சொல்ல வேண்டும். இதோடு ஒரு சட்டத்தை நான் சேர்த்தேன். அணியில் எல்லார் கையும் பட்ட பிறகே பாயிண்ட். நன்றாக ஓடுகிறவரையும் ஓட முடியாதவரையும் கலந்துதானே வாராவாரம் அணி பிரித்தேன். இந்தச் சட்டம் இல்லையென்றால் பாதிப் பேர் வெயிலில் சும்மா நிற்க வேண்டியதுதான்.

என்ன காலைகள் அவை! கோடையில் தட்டு கரிசல் வெடிப்புக்குள் சொருகி நிற்கும். மழைக்கு மறுநாள் ஆடினால் ஷூவோடு பாதி மைதானம் வீட்டுக்கு வரும். தெற்கே கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்துத்தான் எறிவோம். ஆடியில் அதையும் நம்ப முடியாது. எறிந்த தட்டு எறிந்தவர் தலைக்கே வரும். ஆட்டு மந்தை கோட்டுக்குள் வந்தால் அது கடக்கும்வரை உட்கார்ந்து கதை பேசுவோம்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர், நாங்கள் எல்லாரும் மதினி என்றே கூப்பிடுபவர். அவருக்குக் கனத்த உடம்பு, முட்டி வலி. கொசு அடிப்பதுபோல இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத்தான் தட்டைப் பிடிப்பார். பிடித்துவிட்டால் இரண்டு அணியும் கத்தும்.

"மதினி, இங்கன! இங்கன எறிங்க!"

"சும்மா கெடங்கய்யா. மொதல்ல மூச்சு வாங்கிக்கிடுதேன்."

அவர் மூச்சு வாங்கும்வரை எதிரணி காத்து நிற்கும். நீரும் அப்படி நின்றிருக்கிறீர். அதை நான் மறக்கவில்லை. கோபமே அதனால்தான்.

சீசனின் கடைசி ஆட்டம். அன்றைக்கு ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை. இரண்டு அணியும் சமம், அடுத்த பாயிண்ட் எடுப்பவர்களுக்கே அது. உம் அணியில் மதினி மட்டும் இன்னும் தட்டைத் தொடவில்லை. கோட்டோரம் கை நீட்டி நின்றார். நீர் அவர் தலைக்கு மேலே எறிந்தீர். பின்னால், கோட்டுக்கு அப்பால் நின்ற உம் ஆள் பிடித்தான்.

"மதினி கை படலையே," என்றேன்.

"விரல்ல பட்டுட்டுப் போச்சுவே. நீரு சரியாப் பாக்கல."

மதினியைக் கேட்டேன். உம்மைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். "பட்டுச்சுன்னு அவிய சொல்லுதாவ. அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி," என்றார்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் உம் சொல் நின்றது. உம் அணி கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டது. மதினி தள்ளி உட்கார்ந்து ஷூ மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போன் செய்தேன். "நான் நின்னா உங்களுக்கு இடைஞ்சல்தான?" என்றார். அவர் நின்ற பிறகு, மெதுவாக ஓடும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். இப்போது அங்கே வேகமானவர்கள் மட்டும் ஆடுகிறார்கள். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

போன வாரம் மதினியைத் திரும்பக் கூப்பிட்டேன். "அவிய வாயால நெசத்தச் சொல்லட்டும், வாரேன்," என்றார். அவர் வந்தால் மற்றவர்களும் வருவார்கள்.

அதனால் கேட்கிறேன். போனில் சொல்ல வேண்டாம், டீக்கடையில் என் காதோடும் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு மைதானத்து நடுவில், மதினியும் எல்லாரும் கேட்கும்படி நின்று சொல்லும். அன்றைக்குத் தட்டு அவர் கையில் பட்டதா, இல்லையா?