பொழுது சாயும் முன் வீட்டுக்குப் போகிறவர்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிறர் என்னைப் பற்றித் தப்பாக நினைத்தால் திருத்த மாட்டேன். அந்தத் தப்பு எனக்குச் சௌகரியமாக இருந்துவிட்டால் அதற்குத் தண்ணீர் ஊற்றியும் வளர்ப்பேன்.

நான் திருப்பருத்திக்குன்றத்துக்காரன். சமணக் குடும்பம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பதினேழு வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறேன். சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் முதலாளி "இவரு ஜெயினு" என்று அறிமுகப்படுத்தினால் போதும், அவர்கள் கண்ணெதிரிலேயே நான் ராஜஸ்தானுக்குப் போய்விடுவேன். "எவ்ளோ நல்லா தமிழ் பேசறீங்க!" என்று ஒரு அம்மாள் பாராட்டினார். எங்கள் ஊர்க் கோயிலில் தமிழில் கல்வெட்டு இருக்கிறது. அதை வெட்டியவனுக்கு என் பாட்டன் பூட்டன் யாராவது மோர் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் சொல்லவில்லை. "கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன்மா" என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாள் மனசு இளகி இன்னொரு புடவை எடுத்தார்.

கடைக்குள் எறும்பு வரிசை கட்டினால் மருந்து போடுவதற்கு முன் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஒரு பெருமூச்சு விடுவேன். உடனே மருந்து டப்பா உள்ளே போய், துடைப்பம் வரும். "பட்டுன்னா புழுவைக் கொதிக்க வைக்கறதாச்சே, நீங்க எப்படி விக்கறீங்க?" என்று ஒருவர் மடக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, "அதுக்குத்தான் தினம் வேண்டிக்கிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மகானைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

எல்லாவற்றையும்விடப் பெரியது, நான் பொய் பேச மாட்டேன் என்ற பேச்சு. ஜரிகை சுத்தமானதுதானா என்று யாராவது சந்தேகப்பட்டால் முதலாளி வாக்குவாதம் செய்ய மாட்டார். "நயினாரே, இங்க வாங்க" என்று கூப்பிடுவார். எங்கள் ஆட்களை ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். "ஜெயினு ஆளு, பொய் வராது, இவரயே கேளுங்க." நான் புடவையைத் தொட்டு, ஆமாம் என்பேன். அதோடு பேரம் முடிந்துவிடும்.

அடுத்தது பொழுது விஷயம். இருட்டிய பிறகு நாங்கள் சாப்பிட மாட்டோம் என்பது ஊரறிந்தது. தெரியாமல் பூச்சி புழு வாயில் விழுந்து செத்துவிடக் கூடாது என்று வந்த வழக்கம். என் மனைவி இன்றுவரை அதை விட்டதில்லை. அதனால் மற்றவர்கள் ஏழு மணிவரை கடையில் நிற்க, ஐந்தரை ஆனதுமே முதலாளி என்னை விரட்டுவார். "பொழுது போவுது நயினாரே, கெளம்புங்க." நானும் பையை எடுத்துக்கொண்டு, ஏதோ விரதத்துக்குப் போகிறவனைப்போல் கிளம்புவேன்.

உண்மை இதுதான். ஆறு மணிக்கு மனைவி போடும் சாப்பாடு ஏழரைக்கெல்லாம் என் வயிற்றில் காணாமல் போய்விடும். "காத்து வாங்கிட்டு வரேன்" என்று மொபெட்டை எடுப்பேன். எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் வெங்காய ஊத்தப்பம் போடுவார். எங்கள் வழக்கத்தில் வெங்காயமும் கூடாது. அந்த ருசிக்காகத்தான் அவ்வளவு தூரம். கடை பூட்டியிருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். இருந்தாலும் வண்டிக்குப் பின்னால், தார்ப்பாய் மறைவில், தண்ணீர்க் குடத்தை ஒட்டி நின்றுகொண்டு இரண்டு ஊத்தப்பம் சாப்பிடுவேன். நாலு வருஷமாக இப்படித்தான்.

இன்னொரு சலுகையும் எனக்கு இருந்தது. அது சலுகை என்றே அப்போது எனக்குத் தெரியவில்லை. எங்கள் கடையில் ஒரு பெண் வேலை செய்கிறாள். வாலாஜாபாத் பக்கத்தில் காலனியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கழுத்தில் சின்னச் சிலுவை. புடவை மடிப்பதில் அவள் கை மாதிரி ஒரு கை எங்கள் தெருவிலேயே கிடையாது. முதலாளியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி, கல்லாப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவள் கிளம்பும்போது தினமும் கை நீட்டுவார். அவள் பையைத் திறந்து காட்டுவாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை. பிறகு போகலாம். என் பையை யாரும் கேட்டதில்லை.

போன வருஷம் ஒரு பிரதோஷத்தன்று முதலாளி சாயங்காலமே ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டார். நான் வழக்கம்போல் ஐந்தரைக்குக் கிளம்பினேன். மறுநாள் காலை கடைக்கு வந்தால், பீரோ திறந்து கிடக்கிறது. முகூர்த்தப் புடவை ஒன்றைக் காணோம். அரக்குச் சிவப்பு உடல், மயில்கழுத்துக் கரை. சொல்லி நெய்யவைத்தது. வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுக்காரர்கள் வாங்க வருகிறார்கள். கடை வாசலில் கேமரா என்று ஒன்று தொங்கும். அது வெறும் பொம்மை, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னாமா, நீதான நேத்து பூட்டிக்கினு போன? பீரோவுல இருந்த பொடவ எங்க?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் முதலாளி.

"எனக்குத் தெரியாது மொதலாளி. பூட்டி, சாவிய உங்க வீட்டுல அம்மா கையில குடுத்துட்டுத்தான் பஸ் புடிச்சேன்."

"எனக்கு நேத்து தலவலி மாமா, ஆறரைக்கே வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார் மச்சான். "பையப் பாக்காத ஒரே நாளு. அன்னிக்கே இப்பிடி ஆயிப்போச்சி பாருங்க."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பக்கத்து ஆளுங்கள உள்ள விடாதன்னு அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல. தோ பாரு, சாயங்காலம் வரிக்கும் டைமு. பொடவ வந்தாவணும். இல்லன்னா ஸ்டேஷன்தான்."

அவள் அழவில்லை. புடவை மடிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் கிடந்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

 முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு, தார்ப்பாய் மறைவில் நின்று இரண்டாவது ஊத்தப்பத்தைப் பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் கடையின் பக்கவாட்டு ஷட்டர் பாதி ஏறியதை நான் பார்த்திருந்தேன். உள்ளேயிருந்து வந்தவர் மச்சான். அவரிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. கையில் மஞ்சள் பை. ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார். ஏதோ வேலை என்று நினைத்தேனே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் குடத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

இப்போது சொல்லிவிடலாம். ஆனால் அந்த நேரத்தில் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே. பதினேழு வருஷமாகக் கட்டிய கோட்டை, ஒரு ஊத்தப்பத்தில் இடியும். அவ்வளவு அற்பக் காரணத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதவே இன்றைக்கும் கூசுகிறது.

மத்தியானம், பின்கட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"அண்ணா, நீங்க சொன்னா மொதலாளி கேப்பாரு. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. ஸ்டேஷனுக்குப் போனா எங்க தெருவுல நான் தல காட்ட முடியாது."

"நேத்து நான் அஞ்சரைக்கே போயிட்டேனேமா" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவள் என் டிபன் பையைப் பார்த்தாள். "உங்க பைய ஒரு நாளாச்சும் தொறந்து பாத்துக்கீறாங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். 

சாப்பிட்டு முடித்துக் கடைக்குள் போனேன். கடிகாரத்தைப் பார்ப்பதும், அவளைப் பார்ப்பதுமாக எனக்குப் பொழுது போயிற்று. மச்சான் மட்டும் இரண்டு முறை டீ வாங்கிவரச் சொன்னார். ஐந்தரை ஆனதும் முதலாளி நிமிர்ந்தார்.

"நயினாரே, பொழுது போவுது. நீங்க கெளம்புங்க. இதெல்லாம் நீங்க பாக்க வேணாம்."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மொபெட்டை உதைத்தேன், ஓடியது. தெருமுனை வரை போனேன். அங்கே ஒரு ஆட்டோ குறுக்கே நின்றது. அது நகர்வதற்காகக் காத்திருந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தேன். அவள் கடை வாசலில் நின்று, நான் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் திருப்பினேன்.

உள்ளே போய் ஒரே மூச்சில் சொன்னேன். தள்ளுவண்டி, ஊத்தப்பம், ஷட்டர், மஞ்சள் பை, ஸ்கூட்டர், எல்லாவற்றையும். மச்சானின் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சிரித்துவிட்டார். கோபம்கூட இல்லை அந்தச் சிரிப்பில். இரக்கம்தான் இருந்தது.

"நயினாரே, உங்க மனசு எனக்குத் தெரியாதா? இந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போயிடுமேன்னு பாவப்பட்டு, இல்லாத பொய்ய சொல்லிக்கினு இருக்கீங்க."

"பொய் இல்ல மொதலாளி. நான் பாத்தேன்."

"ராத்திரியில பச்சத் தண்ணிகூட வாயில ஊத்தாத மனுசன்" என்றார் மச்சான். அதற்குள் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "இவரு ஊத்தப்பம் துன்னாராம்! அதுவும் வெங்காயம் போட்டு! மாமா, யாராச்சும் நம்புவாங்களா?"

நம்ப மாட்டார்கள். எப்படி நம்புவார்கள்? நம்பாதபடி அவர்களைப் பழக்கியவன் நானாயிற்றே. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பொய் பேசாதவன் என்று பெயர் வாங்கியவன், வாழ்க்கையில் அவசியமாகச் சொன்ன ஒரே உண்மை பொய்யாகிவிட்டது.

"ஸ்டேஷனுக்கு ஏழு மணிக்குப் போங்க" என்றேன். "அதுவரிக்கும் நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன்."

உட்கார்ந்தேன். ஆறு மணி. கோயில் மணி கேட்டது. வெளிச்சம் புடவை அடுக்குகளிலிருந்து இறங்கி, தரைக்கு வந்து, வாசலைத் தாண்டியது. முதலாளி சாமி படத்துக்கு விளக்கேற்றினார். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போகாமல் பட்டினி கிடக்கிறேனே என்று அவருக்கு நிஜமாகவே கவலை. ஆறே முக்காலுக்கு நன்றாக இருட்டிவிட்டது. எழுந்து எதிர்ச் சந்துக்குப் போனேன். வண்டிக்காரர் அப்போதுதான் கல்லைச் சூடாக்கியிருந்தார்.

அவரே ஊத்தப்பத்தைத் தட்டில் வைத்து என் பின்னால் கடைவரை கொண்டுவந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "இன்னா சார், இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டீங்க? டெய்லியும் தார்ப்பாய்க்குப் பின்னாடிதான நிப்பீங்க? நேத்துகூட ரெண்டாவத பாதியில உட்டுட்டு கீழ குந்திக்கினீங்களே, ஒடம்பு செரியில்லயா?" என்று கேட்டார்.

நான் முதலாளியின் எதிரில், விளக்கு வெளிச்சத்தில், பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.  ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். நான் மெல்வதை எல்லோரும் பார்த்தார்கள். முதலாளியின் முகத்தில் என்னவோ ஒன்று அணைந்தது. ஒரு புடவை போனதற்குக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.

பிறகு அவர் மெதுவாக மச்சான் பக்கம் திரும்பினார். "உன் சாவி எங்கடா?"

மச்சான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். ராத்திரியே அவர் வீட்டு பீரோவிலிருந்து புடவை வந்துவிட்டது. எதற்கு எடுத்தார், யாருக்கு விற்க இருந்தார் என்பதெல்லாம் குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணிடம் முதலாளி, "செரி, நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நானே சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "நாலு வருஷமா உங்க சட்டைய தோய்க்கறது யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு என்னை யாரும் கிளம்பச் சொல்லவில்லை. ஏழு மணிவரை நின்றேன். ஜரிகை சுத்தம்தானா என்று யாராவது கேட்டால் முதலாளி என்னைக் கூப்பிடுவதில்லை, அவரே பதில் சொல்லிக்கொள்கிறார். அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான்.

பத்து நாள் கழித்து மச்சான் வந்துவிட்டார். அதே கல்லாப் பக்கம், அதே நாற்காலி. நீரடித்து நீர் விலகுமா? அன்று ஏழு மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டும்போது அவர் கை நீண்டது.

"நயினாரே, பை."

முதலாளியைப் பார்த்தேன். அவர் புடவை அடுக்கில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பையைத் திறந்தேன். டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, ஒரு துண்டு. அவர் துண்டை எடுத்து உதறினார். என் காது இரண்டும் எரிந்தன. திரும்பிப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. எனக்குப் பின்னால் அவள் தன் பையைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மொத நாளு அப்பிடித்தாண்ணா இருக்கும்" என்றாள் மெதுவாக. "அப்பறம் பழகிடும்."