பிழையே வராத திங்கட்கிழமை

மைசூரு அலுவலகத்தில் நான் பார்க்கும் வேலையை வீட்டில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் முன்பதிவுப் பக்கம் எங்கள் பொறுப்பு. நோயாளியின் போனில் அந்தப் பக்கம் எங்கே தடுக்கி விழுந்தாலும், போனே எங்களுக்குப் பிழைத் தகவல் அனுப்பிவிடும். அது சுவர்த் திரையில் சிவப்பாக வரும். பழைய போன்கள்தான் ஓயாமல் புலம்பும்.

வெள்ளிக்கிழமை மாலை புதிய பதிப்பை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் திரையில் ஒரு பிழைகூட இல்லை. சர்வர்கள் எல்லாம் பச்சை.

"நோடு, இங்க பாரு, ஒரு எரர்கூட இல்ல!" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக் குழுத் தலைவர் கைதட்டினார். ஓயாமல் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் திடீரென்று அமைதியானால் எந்த அம்மாவும் எழுந்துபோய்ப் பார்ப்பாள். அதைச் சொன்னேன்.

"எரர் வந்தாலும் பயம், வரலைன்னாலும் பயமா? சும்மா இரு மாராயா" என்று சிரித்தார். நாங்கள் சோதிக்கும் போன்கள் எல்லாம் புதியவை. அவற்றில் பக்கம் அழகாகத் திறந்தது.

மார்டள்ளி கிராமத்தில் இருக்கும் என் சித்தப்பாவிடம் பழைய போன்தான். அவருக்கும் இதில்தான் பதிவு; கவுண்டரில் பதிவதை மருத்துவமனை நிறுத்திவிட்டது. அவரை அழைத்தேன்.

"டயாலிசிஸுக்குப் பதிவு பண்ணிட்டீங்களா சித்தப்பா?"

"வெள்ளிக்கெழம ராத்திரியில இருந்து அந்தப் பக்கம் வெள்ளையாத்தான் கெடக்குது கண்ணு. நாந்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துப்போட்டேன்னு உட்டுட்டேன்."

பழைய போன்களில் பக்கம் திறக்கும்போதே செத்துவிட்டதால், பிழையைச் சொல்ல வேண்டிய நிரலும் அதோடு செத்திருக்கிறது. சர்வர்கள் பக்கத்தை அனுப்பியதோடு சரி; அதனால்தான் பச்சை. எத்தனை வீடுகளில் இப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறார்களோ! பழைய பதிப்பை ஏற்றச் சொல்லிக் கத்தினேன். குழுத் தலைவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு விசைப்பலகையை இழுத்தார்.

"அப்ப சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகவே இல்லையா சித்தப்பா?"

"எப்படிப் போறது? காலு வீங்கிக் கெடக்குது. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தே இருக்கறேன்." வார்த்தைக்கு வார்த்தை இரைத்தது.

"சித்தியக் கூட்டிக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"பதிவு இல்லாம உள்ள உடுவாங்களா கண்ணு?"