முப்பத்தைந்து மைலில் ஒரு நடுக்கம்

போன வாரம் என் காருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது.

சிரிக்காதீர்கள்! முப்பது மைல் வேகம் வரை சமர்த்தாக ஓடும். முப்பத்தைந்தைத் தொட்டதும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். கண்ணாடி நடுங்கும். டேஷ்போர்ட் நடுங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி மல்லிகாவின் தோடு நடுங்கும். வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடும்.

என் காரை அறியாத வாசகர்களும் இருப்பார்கள். மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன, சாம்பல் நிற இங்கிலீஷ் கார். என்னைவிட வயதில் மூத்தது. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு வாங்கினேன். அதை நான் துடைக்கும் அக்கறையில் பாதியை வீட்டு ஜன்னலுக்குக் காட்டவில்லை என்று மல்லிகாவுக்கு ஒரு மனக்குறை உண்டு.

நடுக்கம் தொடங்கியதும் மல்லிகா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த ஆட்டம் நிக்கணும். இல்லாட்டி வண்டிய வித்துப்புடணும். ரெண்டுல ஒண்ணு. எனக்கு நீங்க முழுசா வீடு வந்து சேரணுங்க.”

சும்மா மிரட்டல் என்று நினைத்தேன். இல்லை. பழைய கார் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் நெடுநாளாக என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவளே போன் பண்ணி, “ஞாயித்துக்கெழமை வாங்க தம்பி” என்று சொல்லியும்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன், பெரகல வளைவு ஒன்றில் லொறிக்கு இடம் கொடுக்கப்போய், எங்கள் இடப்பக்கச் சில்லு பள்ளத்தின் விளிம்பு வரை போய்விட்டது. நான் “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றேன். அவள் வீடு வந்து சேரும்வரை டேஷ்போர்டைப் பிடித்த பிடியை விடவில்லை.

சரி, நடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதற்கு நம் ஊரில் பஞ்சமா?

பதுளை பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ரபீக் நானா, காரைப் பார்க்காமலே சொன்னார். “டயர்லதான் வெளயாட்டு ஈக்குது மாஸ்டர். ஒங்கட டயரப் பாத்தா எனக்கே நடுக்கம் வருது.”

பெட்ரோல் ஷெட்டில் நின்றவர்கள் எஞ்சின் என்றார்கள். ஒருவர் கியர் பொக்ஸ் என்றார். இன்னொருவர் என் வயதைக் கேட்டுவிட்டு, நடுங்குவது கார்தானா என்று சந்தேகப்பட்டார்.

உண்மையாகவே பேச வேண்டிய ஆள், ஹாலிஎலவில் கராஜ் வைத்திருக்கும் யோகன். இந்தக் காரின் குடும்ப டொக்டர். சாதாரணமாக ஒரு பிரச்சினையைச் சொல்லத் தொடங்குமுன்பே மூன்று காரணம் சொல்லிவிடுவான். இந்த முறை மட்டும் தலையைச் சொறிந்தான். வானத்தைப் பார்த்தான்.

“பழைய வண்டிதானுங்களே சேர்... கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.”

“உன்கிட்ட சேர்விசுக்கு விட்டு எடுத்த நாள்லருந்துதானே ஆடுது? என்ன பண்ணினே?”

“ஒயில் மாத்தினேன் சேர். வேற ஒண்ணையும் கழட்டவே இல்ல. சத்தியமா!”

அவன் கழற்றவில்லை என்பது முழு உண்மை. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கணித வாத்தியாரிடமா விளையாட்டு? ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். அதற்கு நேரான ரோடு வேண்டும். மலையும் வளைவுமான ஊவா மாகாணத்தில் நேரான ரோடு! அகப்படும் துண்டு ரோட்டிலும் பஸ்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. ஒரு காலை நேரத்தில் யோகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஹாலிஎல தாண்டிப் போனேன்.

டொப் கியரில் முப்பத்தைந்து. நடுக்கம். கியரை ஒன்று குறைத்து அதே முப்பத்தைந்து. எஞ்சின் அலறியது, ஆனால் நடுக்கம் அதே நடுக்கம். க்ளச்சை மிதித்து, நியூட்ரலில் விட்டு, இறக்கத்தில் சும்மா உருட்டினேன். எஞ்சின் அடங்கிவிட்டது. நடுக்கம் அடங்கவில்லை!

“அப்போ எஞ்சின் இல்ல,” என்றேன்.

“இல்லதான் சேர்,” என்றான் யோகன், ஏதோ இழவு வீட்டில் பேசுகிற குரலில்.

கராஜுக்குத் திரும்பி, முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றி ஓட்டினேன். மாற்றமே இல்லை. ரபீக் நானாவின் டயர் வைத்தியமும் தோற்றது. ஸ்டியரிங் ஆடவில்லை, சீட்தான் ஆடுகிறது. மிச்சம் என்ன இருக்கிறது? எஞ்சின் பக்கத்திலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், சில்லு உருண்டாலே தானும் சுழலும் நீளமான குழாய்... ஷாஃப்ட்.

“அடியில போய்ப் பார்ப்போம்,” என்றேன்.

“எதுக்கு சேர்? நான் பாத்துட்டேன் சேர். சட்டை அழுக்காயிரும் சேர்!”

இவ்வளவு ‘சேர்’ போட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? காரை மேடையில் ஏற்றச் சொல்லி, டோர்ச்சோடு அடியில் நுழைந்தேன்.

ஷாஃப்டின் நட்டநடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு செப்புத் தாயத்து. அரக்கு வைத்து அடைத்து, சிவப்புத் துணி சுற்றி, கம்பி போட்டு இறுக்கி, கழன்றுவிடக் கூடாது என்று ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் கிளிப்பையும் மேலே மாட்டியிருந்தது. யோகனின் கைவேலை. நல்ல வேலைக்காரன்!

“என்னடா இது?”

யோகன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “உங்க வீட்டம்மாதான் சேர்... பெரகல சம்பவத்துக்குப் பொறவு கோயில் பூசாரிகிட்ட வாங்கிட்டு வந்தாங்க. முன்னால தொங்கவிட்டா சேர் பிச்சு எறிஞ்சிருவீங்களாம். வண்டியில எது ஓடுதோ அதுல கட்டணும்னு பூசாரி சொன்னாராம். எது ஓடுதுன்னு அம்மா கேட்டாங்க. நான் ஷாஃப்டுன்னு சொல்லிட்டேன். சேருகிட்ட சொல்ல மாட்டேன்னு சாமி படத்துல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க.”

உங்களுக்குப் புரிந்திருக்கும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் குழாய். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் பாரம். ஆடாமல் என்ன செய்யும்? காரைக் காப்பாற்றக் கட்டியதே காரை ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, கட்டியவளே காரை விற்கப் போகிறாள்!

முதலில் கோபம் வந்தது. வாகனத்துக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவர்களை இதே பத்திரிகைப் பத்தியில் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன்! என் காரிலேயே... என் வயிற்றுக்கு அடியிலேயே!

“வெட்டி எடு,” என்றேன்.

யோகன் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தான். துணியில் குறடு படுகிற சமயத்தில் எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சிவப்புத் துணி மல்லிகாவின் பழைய சேலைத் தலைப்பு. அவளே கிழித்துச் சுற்றியிருக்கிறாள். என் கிண்டலுக்குப் பயந்து, கராஜ்காரனிடம் கெஞ்சி, ஒளித்துக் கட்டியிருக்கிறாள். கட்டிய மனைவி புருஷனுக்காகப் பயப்படுவதைக்கூடப் புருஷனுக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஐயா.

அதற்காகக் காரைக் கொழும்புக்கு அனுப்ப முடியுமா? அதுவும் முடியாது.

தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் என்ன செய்வோம்? மற்றத் தட்டிலும் அதே பாரத்தை வைப்போம். சரிதானே? அன்று மாலையே கோயிலுக்குப் போனேன். திருவிழாவுக்கே எட்டிப் பார்க்காத என்னைக் கண்டதும் பூசாரிக்கு ஆச்சரியம்.

“ஒரு தாயத்து வேணும். முன்னால குடுத்தீங்களே, அதே மாதிரி. அதே பருமன்.”

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மனிதர் என் பத்தியை விடாமல் வாசிக்கிறவர் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“ஏன் சேர்? அம்மாவுக்குக் குடுத்தது வேல செய்யலீங்களா?”

“செய்யுது ஐயா. ரொம்பவே செய்யுது!”

அவர் கண்ணை மூடி மந்திரம் சொன்ன நேரம் முழுக்க அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு நின்றது. நான் பொறுத்துக்கொண்டேன். காருக்காக மனிதன் எதைத்தான் பொறுக்க மாட்டான்?

ஷாஃப்டின் மறுபக்கத்தில், முதலாவதுக்கு நேர் எதிரே, அதே கம்பி, அதே கிளிப்போடு யோகன் இரண்டாவதையும் கட்டினான். ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தைந்து... நாற்பது... நடுக்கம் போன இடம் தெரியவில்லை. யோகன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்காரர் வந்தார். பின் சீட்டில் மல்லிகா. ஹாலிஎல வரை ஓட்டிக் காட்டினேன். கார் வெண்ணெயாக ஓடியது. கொழும்புக்காரருக்கு வாயெல்லாம் பல்.

“எப்ப குடுக்கிறீங்க ஐயா?”

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

“குடுக்கறதா இல்லீங்க தம்பி. இருந்து சாப்ட்டுட்டுப் போங்க.”

அவரை வழியனுப்பிவிட்டு, “எப்படி மனசு மாறிச்சு?” என்று ஒன்றும் அறியாதவன்போலக் கேட்டேன். மல்லிகா சாமிப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெற்றிக்களை.

“நீங்களும் யோகனும் அவ்வளவு தேடியும் முடியல. தானா நின்னுச்சு பாத்தீங்களா? எப்படி நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும். சொன்னா நீங்க சிரிப்பீங்க.”

நான் சிரிக்கவில்லை. அவள் என் பத்தியை வாசிப்பதும் இல்லை. வீட்டில் கேட்பதே போதுமாம். ஆகவே பதுளை வாசகர்களே, கடைத்தெருவில் அவளைக் கண்டால் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று யோகன் போன் பண்ணினான். குரலில் பதற்றம். நடுக்கம் நின்ற சந்தோஷத்தில், வருகிற வெள்ளிக்கிழமை அம்மா இன்னொரு தாயத்து கட்டப் போகிறார்களாம்.

நாலாவதை நான் பூசாரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.