நான் அழித்த பதினொரு விநாடிகள்

ஆரோக்கியராஜ் இறந்த செய்தி வந்தபோது, அடையாறு அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தது அவன் மனைவி ஸ்டெல்லா. காலையில் வலிப்பு வந்து குளியலறையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை என்றார். அழவில்லை. போனை வைக்குமுன் ஒன்று சொன்னார்: "அன்னிக்கு நீங்க தூக்கிட்டு வரலன்னா அங்கயே போயிருப்பாரு. இந்த நாலு வருஷம் நீங்க குடுத்தது." நான் கழிவறைக்குப் போய் ரத்தம் வரும்வரை சுவரைக் கையால் குத்தினேன். அந்த நன்றி ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. பொய் என்னுடையது.

முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் இந்தச் சிறு நினைவு மலரைப் படிக்கப்போகும் பலருக்கு, ராஜ் என்ன வேலை பார்த்தான் என்பது தெரியாது. செல்போன் டவரிலிருந்து கிளம்பும் அலை நேராக நம் கைக்கு வருவதில்லை. சுவரில் மோதும், பஸ்ஸில் மோதும், மனித உடம்பில் மோதும். அடிபட்டுச் சிதைந்துதான் வந்து சேரும். வழியில் அதற்கு என்ன ஆனது என்று கணித்தால்தான் இந்தப் பக்கம் பேச்சு கேட்கும். அந்தக் கணிப்பை ஒரு டீப் லேர்னிங் மாடலுக்கு, அதாவது தகவல்களைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரலுக்கு, கற்றுக்கொடுப்பது எங்கள் வேலை. தெருவில் அளந்து கொண்டுவருவது ராஜ். அளந்ததில் தாறுமாறாக இருப்பதைக் களைந்து சுத்தம் செய்வது நான்.

சுத்தம் என்ற சொல்லே அவனுக்கு ஆகாது. மயிலாப்பூர் தேர்க் கூட்டத்தில் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று அவன் அளந்து வந்ததில் பாதியை நான் தூக்கிவிட்டேன். வந்து பார்த்தான். என் மவுஸைப் பிடுங்கிக் கண்ணாடித் தடுப்பில் எறிந்தான். காலரைப் பிடித்து நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கினான். "மோசமானதைத் தூக்கினா மாடல் பொய் சொல்லக் கத்துக்கும் மச்சி. தெரு அப்படித்தான் கீது." நாலு பேர் வந்து பிரித்துவிட்டார்கள். மறுநாள் எனக்கும் சேர்த்து டீ சொன்னான், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

இனி தி.நகர். நாலு வருஷத்துக்கு முன், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெரு, பிற்பகல் நாலு மணி. அளக்கப் போகும்போது பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதைப் போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முந்தின வாரம் அதே மாதிரிச் சட்டை போட்ட மாநகராட்சி ஆட்கள் வந்து அந்தத் தெருவின் நடைபாதைக் கடைகளை உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ராஜ் தள்ளுவண்டியில் ஆன்டெனாவைக் கட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு கருவி என் முதுகுப் பையில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் ஒருவர் வந்து, "இன்னா அளக்கற?" என்று கேட்டார். ராஜைக் கேட்டிருந்தால் பத்து நிமிடம் நின்று விளக்கியிருப்பான். நான் முந்திக்கொண்டேன். "அளக்க பர்மிஷன் வாங்கியாச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு அவசியமில்லை" என்றேன். அந்தத் திமிருக்கு இன்றைக்கும் எனக்கு மன்னிப்பு இல்லை.

சட்டென்று முப்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். கடைக்கூரைக்கு நட்டிருந்த இரும்புக் கம்பியை ஒருவன் உருவினான். முதல் அடி வண்டியில் விழுந்தது, ஆன்டெனா முறிந்து வண்டி சாய்ந்தது. அடுத்த அடி ராஜின் தோளில். மூன்றாவது மண்டையில். விழுந்தவனை மிதித்தார்கள். செருப்புக்காலால் முகத்தில், விலாவில், காதில். இடது காது கிழிந்து தொங்கியது. வளையல் கடை வைத்திருந்த ஒரு அம்மா பாய்ந்து அவன்மேல் குப்புற விழுந்து, "உட்ரு நைனா, செத்துடப் போறான்" என்று கத்தினார். அவர் முதுகிலும் நாலு மிதி விழுந்தது. அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டது அந்த அம்மாதான்.

அடி விழுந்ததில் ஒன்றையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. பிறகு அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். கம்பியை உருவியபோதே ஓடிவிட்டேன். தெருமுனையில் ஒரு ஜவுளிக்கடைப் படியில் மறைந்து நின்றேன். ஆட்டோ அந்த வழியாக வந்தபோது கை காட்டி ஏறிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில், கொண்டுவந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. ஸ்டெல்லா ஓடி வந்தபோது என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். "வண்டி சாஞ்சதும் கூட்டம் என்னைத் தள்ளிண்டு போயிடுத்து. திரும்ப உள்ள புகுந்துதான் தூக்கிண்டு வந்தேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளே என் பையிலிருந்த கருவியின் பதிவைத் திறந்தேன். அலை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை வைத்து, கருவியைச் சுமப்பவன் நிற்கிறானா, நடக்கிறானா, ஓடுகிறானா என்று எங்கள் மாடல் சொல்லிவிடும். வண்டிக் கருவி சாய்ந்து நின்றுபோன நேரம் தனியாகப் பதிவாகியிருந்தது. அதற்குப் பதினொரு விநாடிகள் முன்பே நான் ஓட ஆரம்பித்திருந்தேன். அந்த விநாடிகளை அழித்தேன். படிவத்தில் காரணம் எழுதும் கட்டத்தில், தாறுமாறான பதிவு என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து ராஜ் வேலைக்குத் திரும்பினான். ஒரு காது போய்விட்டது, வலிப்பு ஒட்டிக்கொண்டது. வந்த வாரமே பதிவில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, மூலப் பிரதியிலிருந்து மீட்டு, அழித்தது, அழிக்காதது என இரண்டு வரைபடங்களையும் திரையில் அருகருகே வைத்து என்னைக் கூப்பிட்டான். பார்த்தேன். பளீர் என்று ஓர் அறை விட்டான், பல் ஆடியது. பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து, "ஓடுனதுக்கு அடிக்கல மச்சி. நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். அழிச்ச பாரு, அதுக்கு" என்றான். திரையை அணைத்துவிட்டு, "ஸ்டெல்லா உன்ன நம்பிக்கினு கீது. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றான்.

நான் சொல்லவில்லை. அவன் அந்தப் பதிவைச் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிட்டான். நாலு வருஷமாக, ஒவ்வொரு புது மாடலையும் அதில் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே விட்டோம். ஒவ்வொன்றும் என் ஓட்டத்தை முன்னதைவிடத் துல்லியமாகச் சொன்னது. ராஜ் திரையைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், அடுத்த வேலைக்குப் போய்விடுவான். அவனைக் கொன்றுவிடலாம் போல எனக்கு வெறி வந்த நாட்கள் உண்டு. இப்போது அவன் செத்துவிட்டான். அந்தக் கம்பி நாலு வருஷம் கழித்து அவனைச் சாய்த்தது. அதைத் தூக்க வைத்தது என் வாய்.

இதுவரை எழுதியதை நேற்று சாந்தோமில் அவன் வீட்டுக்கு எடுத்துப்போய் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் முதலிலிருந்து படித்தார். என்னை உள்ளே கூப்பிடவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது, "ஒரு வரி கூட எடுக்காதீங்க. அப்படியே போடுங்க. இனிமே இந்த வாசலுக்கு வராதீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஒரு வரியும் எடுக்கவில்லை. மோசமானதைத் தூக்காமல் விடுவது: அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.