இரண்டாம் ஓலையில் எழுந்து நின்றவன்

பாறசாலைத் தியேட்டரில் ஆபரேட்டராக இருக்கும் ஜினுவுக்குக் காதல் படம் பார்த்துப் பயம் வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பேய்ப்படம் ஓடும்போது காபினில் தனியாக உட்கார்ந்து ஏத்தங்காய் சிப்ஸ் கொறிக்கிற ஆள் அவன். அவனைப் பயமுறுத்தியது படத்தில் வரும் மாப்பிள்ளை.

கேரள எல்லைப்பக்கத்துத் தியேட்டர் ஆனதால் ஒரு காட்சி மலையாளம் என்றால் அடுத்தது தமிழ். மொழிதான் மாறும், சமாச்சாரம் மாறாது. அவனும் அவளும் தெருவில் முட்டிக்கொள்வார்கள், அவள் கையிலிருக்கும் புத்தகம் சிதறும். முதலில் சண்டை, பிறகு மழை. மழை வந்தால் குடை ஒன்றுதான் இருக்கும். இடைவேளைக்கு முன்னால் ஒருவர் சொல்வதை மற்றவர் முழுசாகக் கேட்காமல் கோபித்துக்கொண்டு போவார்கள். கொஞ்சம் நின்று கேட்டிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும், நாமும் வீட்டுக்குப் போயிருக்கலாம். பிறகு வருவான் மாப்பிள்ளை. தமிழ் என்றால் அமெரிக்கா, மலையாளம் என்றால் துபாய். நல்ல வேலை, நல்ல சிரிப்பு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. அவனைத்தான் கல்யாணத்தன்று நிற்கவைத்துவிட்டு அவள் ஓடுவாள். அவனும் பெருந்தன்மையாக, "போ, அவன் காத்திருக்கிறான்" என்று வழிவிடுவான். ஜனம் கைதட்டும். அதற்கப்புறம் அந்த மனுஷன் பந்தியில் சாப்பிட்டானா, பெற்ற தாயிடம் என்ன சொன்னான் என்று ஒரு டைரக்டரும் காட்டியதில்லை.

ஜினுவும் இத்தனை வருஷம் அதைப்பற்றி யோசிக்கவில்லை, தனக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

செங்கல் என்ற ஊரில் ரப்பர் பால் வெட்டும் நேசையனின் ஒரே மகன் அவன். பள்ளிக்கூடம் முடிந்ததும் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கப் போய், மெல்ல மெல்லக் காபினுக்கு ஏறியவன். ஓணமும் கிறிஸ்மஸும் ஊருக்குத்தான் விடுமுறை, அவனுக்குக் கூடுதல் காட்சி. அதைக் கேட்டதுமே பல பெண்வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நெற்றி மேலே ஏறத் தொடங்கிய காலத்தில்தான் குளத்தூரிலிருந்து அனுமோளின் கல்யாண ஆலோசனை வந்தது. நெய்யாற்றின்கரையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். பெண் பார்க்கப் போன அன்று, "சினிமா ஒக்க ஓசியில காணலாம் இல்லியா?" என்று அவள் கேட்டாள். அந்த இடத்திலேயே இவன் மனசு போய்விட்டது. போன விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. வீட்டார் பேசி முடித்த கல்யாணத்தில் அதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பது அவன் நினைப்பு. போனில் மழை உண்டா, சாப்பிட்டாச்சா என்று கேட்பான். அவள் "ம்" என்பாள். படத்து மாப்பிள்ளைகளுக்கும் அந்த "ம்" தான் கிடைக்கும் என்பது ஒருநாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றியது போகவில்லை.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். பெயர்தான் ஓலை, கையில் இருப்பது கம்ப்யூட்டரில் அடித்த தாள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று அச்சன், அதாவது பாதிரியார், படிப்பார். பெண்ணின் கோயிலிலும் படிப்பார்கள், பையனின் கோயிலிலும் படிப்பார்கள். செங்கலில் இரண்டு ஓலையும் சுகமாகப் போனது. ஆனால் இரண்டாம் ஓலைக்கு மறுநாள், டிக்கெட் கவுண்டரில் இருக்கும் ஜெயன் காபினுக்கே ஏறி வந்தான். அவன் பெண்டாட்டி வீடு குளத்தூர்.

"எலே ஜினு, நேத்து குளத்தூர் கோயில்ல ஒரு சங்கதி நடந்தது, கேட்டியா? அச்சன் தடைன்னு வாசிச்ச நேரத்துல ஒரு பய எந்திச்சு நின்னானாம். கோயில் ஒக்க திரும்பிப் பாத்துதாம். எனக்க மாமியார் கண்ணால கண்டதாக்கும்."

"ஆருலே?"

"அனூஜ்னு ஒருத்தனாம். அந்தப் பிள்ளைக்க கூட படிச்சவன்."

ஜினு கையிலிருந்த சிப்ஸைக் கீழே வைத்தான். அன்று ஓடிய படத்தின் கடைசிக் காட்சியை அவன் காபின் கண்ணாடி வழியே பார்த்தான். மாப்பிள்ளை வழிவிட்டான், ஜனம் கைதட்டியது. கைதட்டாவது மிஞ்சட்டும் என்று இவனும் முடிவுகட்டினான். கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. காதல் படத்திலேயே குடியிருப்பவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஒரு காட்சியை ஜெயனிடம் ஒப்படைத்துவிட்டு, மழுங்கச் சவரம் செய்து, தேய்த்த சட்டையோடு நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அனுமோள் வீட்டுக்குப் போக, குளத்தூர் வழியாகப் போகும் பொழியூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். இவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அதைக்கூட இவன் கவனிக்கவில்லை. மனப்பாடம் செய்து வந்தது மறந்துவிடுமோ என்று அவசரம்.

"அனு, உன் மனதில் இன்னொருவர் இருந்தால் நான் தடையாக இருக்க மாட்டேன். நீ சந்தோஷமாக இருந்தால் எனக்கு அதுவே போதும்."

அனுமோள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இது எந்தப் படத்துல உள்ளது?"

அதற்குள் பொழியூர் பஸ் வந்து, நின்று, கிளம்பிப் போய்விட்டது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜினு தடுமாறி, ஜெயன் சொன்னதை எல்லாம் கொட்டினான்.

"அனூஜ் ஆக்கும் எங்க கோயில்ல மைக் காரியம் ஒக்க நோக்குதது. அச்சன் வாசிக்கும்போ மைக் கீன்னு கூவிச்சு. அவன் எந்திச்சு வயர சரியாக்கப் போனான். அவ்வளவுதான்."

மைக் கூவியதை ஜெயனின் மாமியார் ஏன் விட்டுவிட்டாள் என்று கேட்காதீர்கள். அதைச் சேர்த்தால் சங்கதியில் ருசி ஏது. ஜினுவுக்கு உயிர் பாதி வந்தது. மீதிப் பாதிக்காக, போனில் அவள் சொல்லும் "ம்" பற்றியும் கேட்டுவிட்டான்.

"நீங்க விளிக்குத நேரம் எனக்க கையில ஊசியாக்கும். ஒருத்தருக்க ரத்தம் எடுத்துகிட்டு நான் பின்ன என்ன கதையா பறய முடியும்?" என்ற அனுமோளின் குரல் திடீரென்று மாறியது. "அனூஜ் என்னைய ஒரு காலத்துல கேட்டதுண்டு. முடியாதுன்னு சொல்லியாச்சு. அவனுக்குக் கல்யாணமும் கழிஞ்சு. அது கிடக்கட்டும். என்னைய விட்டுத்தர உங்களுக்கு இவ்வளவு எளுப்பமா?"

"எளுப்பம் இல்ல. நேத்தைக்கு முழுக்க உறங்கல."

"சினிமால ஓடுதது பெண்ணாக்கும். இஞ்ச ஓடப் பாத்தது நீங்க. எனக்க மனசுல ஆரு உண்டுன்னு ஒருக்கக்கூட கேக்கல. சொல்லுங்க, உங்களுக்கு நான் வேணுமா வேண்டாமா?"

எந்தப் படத்து மாப்பிள்ளையிடமும் யாரும் கேட்டிராத கேள்வி அது. அதற்கு வசனம் அவனுக்குத் தெரியாது.

"வேணும்" என்றான். குரல் உடைந்து கொஞ்சம் சத்தமாகவே வந்தது. மீன்கூடையோடு நின்ற ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தாள். "பெண் பாக்க வந்த அன்னையில இருந்தே வேணும்."

அனுமோள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அவனுக்கும் இடம் விட்டாள்.

"தியேட்டர்காரன் வேண்டாம்னு எனக்க அப்பன் ஒத்தக்கால்ல நின்னாரு. வேற ரெண்டு ஆலோசனையும் வந்தது. நான் சோறு தின்னாம கிடந்தாக்கும் உங்களுக்கு சம்மதம் வாங்கினது."

ஜினு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நெஞ்சில் இத்தனை நாள் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த பொழியூர் பஸ்ஸும் வந்து நின்றது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை நாளு?" என்றான்.

"எது?"

"சோறு தின்னாம கிடந்தது."

"மதியம் வரைக்கும்" என்றாள் அனுமோள். "அதுக்குள்ள அப்பன் சம்மதிச்சிட்டாரு."