போல்ட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

இது போன வெள்ளிக்கிழமை நடந்தது.

என் தம்பி குணாளனுக்குக் கார்ப் பைத்தியம். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. ஓவர்டைம் காசெல்லாம் காருக்கே போகும். இந்த முறை பழைய என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேகத்துக்கென்றே செய்த புத்தம் புது பெர்ஃபார்மன்ஸ் என்ஜின் ஒன்றை வாங்கிவிட்டான். அதைப் பொருத்திய மறுநாளே மனைவி கஸ்தூரியையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு, சுங்கை ரம்பாயில் மாமியார் வீட்டு வாசலில் உறுமிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அதுதான் கனவு!

டுரியான் துங்காலில் மெக்கானிக் ரெகுவின் வொர்க்‌ஷாப். வேடிக்கை பார்க்க நானும் தம்பியோடு போனேன். போனால்... புது என்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தைத் திறந்து போட்டிருக்கிறார் ரெகு!

"என்ன ரெகு, பெட்டியிலேர்ந்து இப்பத்தான எடுத்தீங்க? அதுக்குள்ள பிரிச்சிட்டீங்க?"

"புதுசுதாண்ணே. ஆனா உள்ள இருக்கிற போல்ட்டு சாதா போல்ட்டு. உங்க தம்பி மிதிக்கிற மிதிக்கு அது தாங்காது லா. பிஸ்டன் மேல போயி கீழ திரும்புது பாருங்க, அந்த இழுப்பெல்லாம் இந்தக் குட்டி போல்ட்டு மேலதான். ஒண்ணு விட்டுச்சுன்னா உள்ள இருக்கிற ராடு என்ஜினப் பொத்துக்கிட்டு வெளிய வந்துரும். ஹைவேல போறப்ப வந்துச்சுன்னா... வேணாண்ணே, நல்ல நாள்ல அத ஏன் பேசணும்."

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. உறுதியான புது போல்ட்டுகளை முதலில் கையால் மாட்டினார். பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒவ்வொன்றாக இறுக்கினார். போதுமான அளவு இறுகியதும் 'டக்' என்று ஒரு சத்தம். உடனே அந்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் இறுகிவிட்டது, இல்லையென்றால் இல்லை. ரெகு கடையில் அதுதான் சட்டம்.

பாதி வேலையில் வாசலில் ஒரு லோரி வந்து ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. ரெகு எழுந்து போனார்.

அந்த நேரம் பார்த்து கஸ்தூரி பூஜைத் தட்டோடு வந்து இறங்கினாள். பாப்பாவைத் தம்பியிடம் கொடுத்தாள். தட்டை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, பிடிங்க. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள என்ஜினுக்குப் பொட்டு வெச்சிரணும்."

புது வண்டியென்றால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் நம்மவர் யார் ரோட்டில் இறக்குகிறார்கள்? பயபக்தியோடு தட்டைப் பிடித்தேன். அவள் சந்தனத்தைக் குழைத்து மேலே வைத்தாள், ஓரத்தில் வைத்தாள், குனிந்து உள்ளேயும் எதையோ தொட்டாள். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ரெகு திரும்பி வந்தார். எட்டிப் பார்த்தார். "முடிச்சிட்டனா? பரவால்லையே..." என்று முனகிக்கொண்டே அடிப்பாகத்தை மூடிவிட்டார்.

மத்தியானம். என்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டு மெதுவாகக் காருக்குள் இறங்குகிறது. எல்லார் கையிலும் தே ஓ, பாலில்லாத தேத்தண்ணி. கஸ்தூரி சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"ரெகு அண்ணே, உங்களுக்கு இவ்ளோ பக்தின்னு எனக்குத் தெரியாது! உள்ள போல்ட்டுக்கெல்லாம் சந்தனம் வெச்சிருக்கீங்க. பாதியிலதான் விட்டுட்டீங்க. மிச்சத்துக்கு நானே வெச்சு முடிச்சிட்டேன்."

ரெகுவின் முகம் வெளிறிவிட்டது.

"என்னம்மா சொல்ற?"

இறங்கிக்கொண்டிருந்த என்ஜின் மறுபடி மேலே ஏறியது. கவிழ்த்தார். திறந்தார். எல்லாத் தலையிலும் அழகாக மஞ்சள் புள்ளி! துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். சில புள்ளிகள் அசையவில்லை. சில புள்ளிகள் துணியோடு வந்துவிட்டன. அப்படி வந்த போல்ட் ஒன்றை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார்.

சுற்றியது. குழாய் மூடி மாதிரி... சும்மா சுற்றியது!

"நாளைக்கு... பாப்பாவ வெச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்த குணாளன் முடிக்காமல் குழந்தையை இறுக்கிக்கொண்டான். ரெகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்கள சொல்லிக் குத்தமில்லண்ணே. நான் புள்ளியத்தான் பாத்தேன். போல்ட்டப் பாக்கல."

யோசித்துப் பாருங்கள், நாமெல்லாம் வேறு என்ன செய்கிறோம்? லிஃப்டில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து ஏறுகிறோம். யாரோ போட்ட கையெழுத்துக்குக் கீழே நம் கையெழுத்தைப் போடுகிறோம். பார்த்தாயிற்று என்பதற்கு ஓர் அடையாளம் வைக்கிறோம் — அப்புறம் அந்த அடையாளத்தை மட்டும்தான் பார்க்கிறோம். கஸ்தூரி அன்று வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி குடித்திருந்தால்? வேண்டாம். எனக்கு எழுதவே கை வரவில்லை.

ரெகு எழுந்தார். எல்லா போல்ட்டையும் முதலிலிருந்து இறுக்கினார். ஒவ்வொரு 'டக்' சத்தத்தையும் நாங்கள் மூச்சை அடக்கிக் கேட்டோம். கஸ்தூரி மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டின் பக்கமே போகவில்லை.

"அழாதம்மா," என்றார் ரெகு. "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தட்டக் கொண்டா. காருக்கு எங்க வேணும்னாலும் பொட்டு வை."

கொஞ்சம் நிறுத்தி, ரெஞ்சை அவளிடம் காட்டிச் சொன்னார்:

"உள்ள போல்ட்டுக்கு மட்டும் நான்தான் பூசாரி!"