கோட்டோடு வந்த வாசகர்கள்

ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய முதல் குளிர்காலத்தில், பெத்ரோகிராது தேசிய நூலகத்தின் தலைவர் பின்லாந்துக்கு ரயிலேறிவிட்டார். சாவிக்கொத்து கிளஃபீரா இவானோவ்னாவிடம் வந்தது. உரக்கப் பேசும் பேராசிரியர்களை வாசிப்புக்கூடத்திலிருந்து வெளியே அனுப்புகிற பெண் நூலகர் அவர்.

விறகு தீர்ந்தது. மை உறைந்தது. கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பது விதி; அந்தக் குளிரில் யார் கழற்றுவார்கள்? வாசகர் வரவு நின்றது.

புதிய அரசின் ஆணையர் திமென்தியேவ் வந்தார். மாலுமியாக இருந்தவர்.

"ஈ காக்கா இல்ல. எங்க பசங்க ரயிலடியில படுத்துக் கிடக்கறாங்க. வியாழக்கிழமை வருவேன், தோழர். அப்பவும் இப்படியே இருந்தா இது சிப்பாய்ங்க தங்கற இடம்."

அடுத்த தெருப் பள்ளியில் சிப்பாய்கள் தங்கியபோது புத்தகமெல்லாம் அடுப்புக்குப் போனதை கிளஃபீரா பார்த்திருந்தார். அன்றே கோட்டு விதியை ரத்து செய்தார்.

வாசலில் கோட்டு வாங்கிவைக்கும் நிக்கிஃபோருக்குப் பொறுக்கவில்லை. "புத்தகம் கோட்டுக்குள்ள போயிடும், கிளஃபீரா இவானோவ்னா. புகையிலை சுருட்டக் காகிதம் தேடி ஊரே அலையுது."

"சிலது போகும். இல்லேன்னா எல்லாமே போகும்."

பிறகு கிளஃபீரா எதிரே நின்ற ரொட்டி வரிசைக்கு நடந்தார். அங்கே ஆளாளுக்கு உள்ளங்கையில் எண் எழுதியிருப்பார்கள். நகர்ந்தாலும் இடம் போகாது.

"உள்ள காத்து அடிக்காது. நாற்காலி இருக்கு. ஆனா சும்மா உக்காரக் கூடாது, படிக்கணும்."

"ரொட்டி கேட்டா புத்தகம் தர்றாங்கடி," என்றாள் ஒருத்தி.

"எனக்குப் படிக்கத் தெரியாதே," என்றாள் இன்னொருத்தி.

"படம் போட்டது தர்றேன். வாங்க."

வியாழக்கிழமை திமென்தியேவை நிக்கிஃபோர் வாசலில் மறித்தார். "கோட்டு போகலாம். துப்பாக்கி போகாது." வாங்கிவைக்கும் பொருளுக்குத் தரும் எண் வில்லை ஒன்றை நீட்டினார். ஆணையர் முறைத்துவிட்டு, துப்பாக்கியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

கூடம் நிறைந்திருந்தது. மூச்செல்லாம் ஆவியாகப் பறந்தது.

"இவங்க ரொட்டி வரிசை ஆளுங்கதானே?"

"ஆமா. எல்லாருக்கும் வாசகர் அட்டை எழுதிக் குடுத்திருக்கேன்."

"நாளைக்கும் வருவாங்களா?"

"ரொட்டி வர்ற வரைக்கும் வருவாங்க."

திமென்தியேவ் தாடையைச் சொறிந்தார். "அது இப்போதைக்கு வராது. சரி, பசங்களுக்கு வேற இடம் பாக்கறேன்."

புத்தகங்கள் போகத்தான் செய்தன. தினமும் மாலையில் கிளஃபீரா அலமாரிகளில் புதிய இடைவெளிகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்து, யாரையும் சோதனை போடாமல், கதவைத் திறப்பார்.